மன்னார்ச் சுழியோடியும் இடுப்பு மூட்டும்: ஒரு வரலாற்று நோக்கு

மன்னார்க் கடலின் முத்தைப் பற்றி எழுதப்பட்டவை பல. கி.பி. முதலாம் நூற்றாண்டைச் சேர்ந்த பெரிப்புளூஸ் என்னும் கிரேக்கக் கடல்வழி நூல், கொற்கை முத்துச் சலாபத்திலே மரணதண்டனை பெற்ற குற்றவாளிகள் குளிக்க வைக்கப்பட்டனர் என்று குறிப்பிடுகின்றது. அதன் பின் வந்த யாத்திரிகரும், போர்த்துக்கேய, ஒல்லாந்த, ஆங்கில ஆட்சியாளரும் முத்தின் நிறை, விலை, குத்தகைத் தொகை ஆகியவற்றை அயராது எழுதி வைத்தனர். நீரினுள் இறங்கி ஏறிய மனிதனின் உடலுக்கு யாது நேர்ந்தது என்ற வினா அவ்வெழுத்துக்களில் அருகியே எழுகின்றது. அவ்வினாவின் ஒரு கூற்றை மட்டும் ஈண்டு ஆராய்வோம். அது இடுப்பு மூட்டைப் பற்றியது.

முத்துக்கும் இடுப்பு மூட்டுக்கும் என்ன தொடர்பு என வாசகர் வினவலாம். இன்று இக்கடலிலே சங்கும் கடலட்டையும் எடுப்போர் காற்றுச் சிலிண்டரை முதுகிற் கட்டிக்கொண்டு இறங்குகின்றனர். அவ்வாறு இறங்குவோருக்கு, முப்பது நாற்பது வயதிலேயே தொடையென்பின் தலை உயிரிழந்து நொறுங்கும் நோய் வரக்கூடும். நொறுங்கிய பின் அதற்குரிய இறுதிப் பரிகாரம் செயற்கை மூட்டு ஒன்றே. ஆனால் இதே கடலிலே, இதே ஆழத்திலே, நூற்றாண்டுகளாகக் குளித்த முன்னோரைப் பற்றிய குறிப்புகளில் இத்தகைய முடம் ஒரு தொழில்நோயாகப் பேசப்படவில்லை. இவ்வேறுபாடு ஏன் எழுந்தது என்பதும், செயற்கை மூட்டு அவ்விளைஞனுக்கு எவ்வளவு கைகொடுக்கும் என்பதும் வரலாற்று மாணவனும் கவனிக்கத்தக்க செய்திகளாகும்.

பழைய குளிப்பு முறையை முதலில் நோக்குவோம். மன்னார்த் தீவுக்குத் தெற்கே அரிப்பு, சிலாவத்துறை, மறிச்சுக்கட்டி ஆகிய கரைகளுக்கு எதிரே கடலடியிலுள்ள பார்களிலே சிப்பிகள் விளைந்தன. பருவக்காற்றுகள் ஓய்ந்திருக்கும் மாசி, பங்குனி, சித்திரை மாதங்களே குளிப்புக் காலம். நள்ளிரவிலே நிலக்காற்றோடு புறப்பட்ட வள்ளங்கள் விடியும் வேளையிற் பாரை அடையும். அரசாங்கத்தின் வேட்டொலி கேட்டதும் குளிப்புத் தொடங்கும். நண்பகலளவில் கடற்காற்று எழ, வள்ளங்கள் கரை திரும்பும். கடற்கட்டி எனப்பட்டவர் சுறாக்களின் வாயைக் கட்டுவதற்கு மந்திரம் ஓதிய பின்னரே குளியாட்கள் இறங்கினர் என்பதைப் பல ஆங்கிலேயர் வியப்போடும் சிலர் ஏளனத்தோடும் எழுதியுள்ளனர். ஏளனம் செய்த அரசாங்கமே அவருக்குச் சிப்பிப் பங்கும் கொடுத்தது!

நமது பொருளுக்கு இன்றியமையாத செய்தி வள்ளத்தின் ஒழுங்கிலே உள்ளது. ஒவ்வொரு வள்ளத்திலும் பொதுவாகப் பத்துக் குளியாட்கள் இருந்தனர். ஆனால் கற்கள் ஐந்தே. ஒரு கல்லுக்கு இருவர். ஒருவர் மூழ்க மற்றவர் இளைப்பாறுவார். கல்லின்மேற் காலூன்றி, மூச்சை அடக்கி, ஐந்து முதற் பத்துப் பாக ஆழம் வரை இறங்குவார். அங்கு ஒரு நிமிடமளவே தங்கிக் கூடையை நிரப்பியதும் கயிற்றை அசைப்பார். மேலே நிற்கும் துணையாள் இழுத்தெடுப்பார். நாளொன்றுக்கு நாற்பது ஐம்பது முறை மூழ்குவது வழக்கம். 1905ஆம் ஆண்டு மறிச்சுக்கட்டியில் நடைபெற்ற பெருங்குளிப்பிலே ஏறத்தாழ 5000 பேர் இவ்வாறு குளித்து, 8 கோடிக்கு மேற்பட்ட சிப்பிகளை எடுத்தனர்; அரசிறையாக 25 இலட்சம் ரூபா கிடைத்தது. 1906இல் ஒரு கம்பனி இருபது ஆண்டுக் குத்தகைக்குக் கடலை எடுத்தது. 1907இன் பின் பார்கள் வெறுமையாயின. அக்கம்பனியின் கதை தனியே எழுதத்தக்கது, இங்கு வேண்டுவதில்லை.

குளியாட்களின் உடல்நலம் பற்றி அக்காலத்தோர் எழுதியவை ஒத்தவையல்ல. 1803இல் இலங்கையைப் பற்றி நூல் வெளியிட்ட றொபேட் பெர்சிவல், மேலே வந்தவர்களின் வாய், செவி, மூக்கு வழியே நீரும் சில வேளைகளிற் குருதியும் வடிந்ததென்கிறார். செவிப்பறையும் நுரையீரலும் நலிவுற்றன என்பதில் ஐயமில்லை. ஆயின் கால் விளங்காமற்போனோரைப் பற்றிய பேச்சு இவற்றுள் முதன்மை பெறவில்லை. கிரேக்கத் தீவுகளின் பஞ்சு குளிப்போரைப் பற்றி அதே நூற்றாண்டின் பிற்பகுதியில் எழுந்த எழுத்துக்களோடு ஒப்பிட்டால் இம்மௌனம் பொருள் பொதிந்ததாகவே தோன்றுகின்றது.

அக்கிரேக்கச் செய்தியை அறிவதற்கு முன், அமுக்கிய காற்றின் வரலாற்றைச் சிறிது அறிதல் வேண்டும். 1841இல் பிரான்சிலே திறிசே என்னும் பொறியியலாளர் ஆற்றின் அடியில் சுரங்கந் தோண்டுவதற்காக, அமுக்கிய காற்று நிரம்பிய இரும்பறையுள் தொழிலாளரை இறக்கினார். வெளியே வந்தவர்களுக்கு மூட்டுகளிலே கடும் வலி கண்டது. 1870களில் அமெரிக்காவின் சென் லூயிஸ் பாலமும் புறூக்லின் பாலமும் கட்டப்பட்டபோது பலர் முடமாயினர்; சிலர் மாண்டனர். புறூக்லின் பாலத்தின் தலைமைப் பொறியியலாளர் உவாசிங்டன் றோப்ளிங் தாமே நோயுற்றுப் படுக்கையிலிருந்தபடி பணியை நடத்தினார். 1878இல் பிரெஞ்சு உடற்றொழிலியலாளர் போல் பேர் காரணத்தை வெளிப்படுத்தினார். அமுக்கத்தின் கீழ்ச் சுவாசிக்கும்போது காற்றிலுள்ள நைதரசன் குருதியிலும் கொழுப்பிலும் கரைகின்றது. விரைந்து மேலே வரின், சோடாப் போத்தலைத் திறந்தாற்போலக் குமிழியாக வெளிப்படுகின்றது. 1908இல் ஹோல்டேன் என்னும் அறிஞர், படிப்படியாகத் தங்கித் தங்கி மேலேறும் அட்டவணைகளை வகுத்தளித்தார்.

1860களில் ஈஜியன் கடலின் சீமி, கலிம்னோஸ் முதலிய தீவுகளுக்குத் தலைக்கவசமும் காற்றுக் குழாயும் கொண்ட மூழ்குடை வந்து சேர்ந்தது. அதற்கு முன் அத்தீவினரும் நம்மவரைப் போலவே கல்லைப் பற்றிக்கொண்டு மூச்சடக்கிக் குளித்தவர்களே. உடை வந்தபின் மணிக்கணக்கிற் கடலடியில் நிற்க முடிந்தது, வருவாயும் பெருகியது. இறந்தோரும் முடமானோரும் சில பத்தாண்டுகளிற் பல்லாயிரவராயினர். கலிம்னோஸ் தீவிலே இன்றும் ஒரு நடனம் ஆடப்படுகின்றது. ஆடுவோன் கோலூன்றி, நடுங்கும் காலை இழுத்திழுத்து அடிவைப்பான். முடமான சுழியோடியே அந்நடனத்தின் பாத்திரம். ஒரு தொழிலின் நோய் ஒரு சமூகத்தின் கூத்தாகவே நிலைத்துவிட்டதற்கு இதனினும் தெளிவான சான்றினை யாம் அறியோம்.

1911ஆம் ஆண்டில் ஜேர்மனியின் ஹம்பேர்க் நகரில் எல்பே ஆற்றின் கீழ்ச் சுரங்கம் அமைத்த தொழிலாளரை ஆராய்ந்த போண்ஸ்ரைன், பிளாற்றே என்போர், மூட்டருகேயுள்ள என்பு இறந்துபோதலைக் கதிர்ப்படங்களிலே கண்டு எழுதினர். தொடையென்பின் தலை உருண்டையானது; அதன் உள்ளே கொழுப்பு மிகுந்த மச்சை உண்டு. நைதரசன் நீரிலும் பார்க்கக் கொழுப்பில் ஏறத்தாழ ஐந்து மடங்கு கரையும். என்பின் சுவர் விரிந்து கொடாது. அதனுட் செல்லும் குருதிக்குழாய்களோ மெலிந்தவை. ஒன்று அடைபட்டால் மாற்றுவழி அரிது. குமிழிகள் அங்கு தோன்றி ஓட்டத்தைத் தடுக்கின்றன என்பதே பெரும்பான்மையோர் கருத்து. இறந்த என்பு உடனே நொறுங்குவதில்லை. மாதங்கள், சில வேளை ஆண்டுகள், உருவம் குலையாமல் நிற்கும், நோயாளியும் வலியறியான். பின்னரே உடற்பாரத்தின் கீழ் அதன் மேற்பரப்பு உள்வாங்கிச் சரிகின்றது. இந்நோய் தோள் மூட்டையும் தாக்கும். சுழியோடிகளிடையே அதுவே மிகுதி. ஆயினும் தோள் பாரம் சுமப்பதில்லை. இடுப்போ ஒவ்வோர் அடியிலும் சுமக்கின்றது.

இனி முன்னோரின் கணக்குக்கு மீள்வோம். மூச்சடக்கிக் குளிப்போரும் இந்நோய்க்கு முற்றும் விலக்கானவர் அல்லர். பசிபிக்கின் துவாமோட்டுத் தீவுகளிலே முத்துச்சிப்பிக்காக முப்பது நாற்பது மீற்றர் ஆழத்துக்கு இடைவிடாது மூழ்கியோர் தலைசுற்றி, கைகால் விளங்காது வீழ்வதுண்டு. அதற்குத் தரவனா என அவர்கள் பெயரிட்டிருந்தனர். அயலிலுள்ள மங்கரேவாவிலும் அதே ஆழத்துக்குக் குளித்தனர். ஆனால் இரு மூழ்கலுக்கிடையே பன்னிரண்டு முதற் பதினைந்து நிமிடம் இளைப்பாறினர்; அங்கே அந்நோய் இல்லை.

மன்னாரின் ஆழம் பத்துப் பாகம், அதாவது அறுபது அடி. அமெரிக்கக் கடற்படையின் பழைய அட்டவணைப்படி, அறுபதடி ஆழத்தில் ஒருவர் நேரே மேலேறத்தக்க மிகக்கூடிய நேரம் அறுபது நிமிடம். ஐம்பது முறை, முறைக்கு ஒரு நிமிடம் என்று கொண்டால், நம் குளியாள் ஒரு நாள் முழுவதிலும் கடலடியிற் கழித்த நேரம் ஐம்பது நிமிடமே. அதுவும் ஆறு மணி நேரத்திற் பரந்து, ஒவ்வொன்றின் பின்னும் மற்றவர் மூழ்கும் வரை ஓய்வோடு. அவ்வைம்பது நிமிடத்தையும் ஒருசேரக் கழித்திருந்தாலும் எல்லையைக் கடந்திரான். ஐந்து கல்லுக்குப் பத்து ஆள் என்ற ஒழுங்கை வகுத்தோர் நைதரசனை அறிந்திருந்தார் என நாம் கூறவில்லை. கூடிய சிப்பியைக் குறைந்த களைப்போடு எடுக்கவே அவ்வாறு செய்தனர். ஆயினும் அவ்வழக்கம் அவர்தம் என்பையும் காத்ததென்று கொள்வதற்கு மேற்கூறிய கணக்கு இடந்தருகின்றது.

சிலிண்டர் இக்கணக்கைத் தலைகீழாக்கிற்று. அறுபதடியில் ஒரு சிலிண்டர் முக்கால் மணிக்கு அண்மித்த நேரம் தாங்கும். நாளொன்றுக்கு மூன்று நான்கு சிலிண்டர் முடிப்பவன், தன் பாட்டன் ஏறத்தாழ மூன்று நாளிற் கழித்த நேரத்தை ஒரே நாளிற் கழித்துவிடுகின்றான். அட்டவணை அவன் கையில் இல்லை. ஆழமானி பலரிடம் இல்லை. எடுத்த அட்டையின் எண்ணிக்கைக்கே கூலி. ஓய்வுக்குக் கூலி இல்லை. சங்கும் அட்டையும் கரையருகே அருகிவர, ஆண்டுதோறும் ஆழமும் கூடுகின்றது. கால் விறைத்து வள்ளத்தில் விழுபவனைக் கொண்டுசெல்ல வேண்டிய மீளமுக்கக் கூடமோ தீவின் மறுகரையில், திருகோணமலையிற் கடற்படையினரிடம் உள்ளது. வலி இரண்டொரு நாளில் தணிந்துவிட்டால் எவரும் அங்கு செல்வதில்லை, தணிந்தது வலியே.

அட்டவணை செய்யும் வேறுபாட்டை இரண்டு எண்கள் காட்டும். 1974இல் வெளியான ஓர் ஆய்வு, யப்பானில் சிப்பியெடுக்கும் மீனவச் சுழியோடிகள் 301 பேரைக் கதிர்ப்படம் எடுத்து நோக்கி, ஏறத்தாழ அரைவாசிப் பேரில் என்புச் சிதைவைக் கண்டது. வடகடல் எண்ணெய்த் தொழிலில் விதிமுறைக்குட்பட்டு இறங்கியோரை உள்ளடக்கிய பிரித்தானியப் பதிவேட்டிலோ அது நூற்றுக்கு நான்களவே. வடகடலோர் யப்பானியரிலும் பார்க்க மிக ஆழத்துக்கு இறங்கியோர் என்பது மனங்கொள்ளத்தக்கது.

நோயாளி வைத்தியரிடம் வரும்போது பெரும்பாலும் காலங்கடந்துவிடுகின்றது. இடுப்பு மூட்டின் வலி தொடைச்சந்தியிலும், சில வேளை முழங்காலிலுமே உணரப்படும். ஆதலால் முழங்காலுக்கு எண்ணெய் பூசி ஆறு மாதம் கழிகின்றது. மதுவும் இந்நோய்க்கு ஒரு காரணமே. ஆகவே கடற்றொழிலாளி என்றதும் சாராயத்தின்மேற் பழியைப் போட்டுவிட்டு, எத்தனை சிலிண்டர் இறங்கினாய் என்று கேளாது விடுவதும் உண்டு. அக்கேள்வியை முதலிற் கேட்டிருந்தால், காந்த அதிர்வுப் படத்தின் மூலம் நொறுங்குவதற்கு முன்பே நோயைக் கண்டு, என்பிலே துளையிட்டு உள்ளமுக்கத்தைக் குறைக்கும் சிறிய சத்திரசிகிச்சையைச் சிலருக்கேனும் செய்திருக்கலாம். நொறுங்கிய பின் அது பயனற்றது.

அதன் பின்னர் எஞ்சுவது செயற்கை மூட்டு. அதன் வரலாறு தோல்விகளின் வரலாறாகவே தொடங்குகின்றது. 1890இலும் அதனையடுத்தும் பேர்லினிலே தெமிஸ்தொக்கிளிஸ் குளுக் என்பவர் காசநோயாற் சிதைந்த மூட்டுகளுக்குத் தந்தத்தாற் செய்த மூட்டுகளைப் பொருத்தினார். கிருமித்தொற்று அவற்றை அழித்தது. 1938இல் இலண்டனிலே பிலிப் உவைல்ஸ் துருவேறா உருக்கினால் முழு இடுப்பு மூட்டு அமைத்தார், அது தளர்ந்தது. 1950களின் இறுதியில் லங்காசயரின் றைற்றிங்டன் வைத்தியசாலையிலே யோன் சாண்லி, உலோகத் தலையும் தெப்லோன் கிண்ணமும் கொண்ட மூட்டை ஏறத்தாழ 300 பேருக்குப் பொருத்தினார். நோயாளிகள் வலியின்றி நடந்தனர், உலகம் பாராட்டியது. மூன்று நான்கு ஆண்டுகளுள் தெப்லோன் தேய்ந்து, தேய்ந்த துகளைச் சுற்றி உடல் புண்பட்டது. சாண்லி தாமே ஒவ்வொருவரையும் மீண்டும் அறுத்து அவற்றை அகற்றினார். அத்துகளைத் தமது தொடையிலேயே செலுத்தி விளைவைக் கண்டறிந்தார் என்பதும் உண்மை வரலாறு.

1962இல் நெசவுயந்திரப் பற்சில்லுகளுக்கான ஒருவகைப் பொலித்தீனை விற்பனையாளர் ஒருவர் அங்கு கொண்டுவந்தார். சாண்லி அதனைப் புறக்கணித்தார். அவரது பட்டறைத் தொழிலாளர் ஹரி கிறேவன் அதைத் தேய்ப்பு யந்திரத்தில் இட்டுவிட, வாரக்கணக்கில் ஓடியும் அது தேயவில்லை. இன்று உலகெங்கும் இலட்சக்கணக்கானோர் நடப்பது அப்பட்டறைத் தொழிலாளியின் பிடிவாதத்தாலும் என்பதை நூல்கள் அடிக்குறிப்பிலேயே சொல்கின்றன. கிருமித்தொற்று நூற்றுக்கு ஏழு எட்டென இருந்ததைத் தூய காற்றோட்டமுள்ள அறை அமைத்து ஒன்றளவுக்குக் குறைத்ததும் சாண்லியின் பணியே. தம் நோயாளிகளிடம், இறந்தபின் மூட்டைத் திருப்பித் தருமாறு முன்கூட்டியே இசைவு பெற்றுவைத்து, தேய்வை அளந்தார்.

நமக்கு அணித்தான ஒரு முயற்சியையும் குறிப்பிடாது விடலாகாது. பர்மாவின் மண்டலேயிலே வைத்தியர் சான் போ, 1960இல் எண்பத்து மூன்று வயதுப் பௌத்த பிக்குணி ஒருவருக்கு, ஒட்டாத தொடையென்பு முறிவுக்காக யானைத் தந்தத்தாற் செய்த மூட்டுத்தலையைப் பொருத்தினார். பின்வந்த ஆண்டுகளில் முந்நூறுக்கு மேற்பட்டோருக்கு அவ்வாறு செய்தார். 1969இல் இலண்டனில் அவர் வாசித்த கட்டுரை நூற்றுக்கு எண்பத்தெட்டுப் பேர் பயன்பெற்றதாகக் காட்டிற்று. அவர்கள் நடந்தனர் என்பதோடு அமையாது, குந்தியிருந்தனர் என்பதையும் பயனாகக் கணக்கிட்டமை கவனிக்கத்தக்கது. மேலைநாட்டு வைத்தியர் எவரும் அதனை ஓர் அளவுகோலாகக் கொள்ளார்.

ஏனெனில் குந்தியிருத்தல் நம்மவர் வாழ்வு. வலை பொத்துவதும், கருவாடு காயப்போடுவதும், உண்பதும் நிலத்திலிருந்தே. மாதா கோயிலில் முழந்தாளிடுவோரும், பள்ளிவாசலில் சுஜூது செய்வோரும், திருக்கேதீச்சரத்தில் விழுந்து வணங்குவோரும் இடுப்பை மடக்காதிருத்தல் இயலாது. செயற்கை மூட்டோ பிற்புறமாக அறுத்துப் பொருத்தப்பட்டதாயின், தொடையைச் செங்கோணத்துக்கு மேல் மடக்கி உட்புறம் திருப்பும்போது கிண்ணத்தை விட்டுக் கழன்றுவிடக் கூடும். நூற்றுக்கு இரண்டு மூன்று பேருக்கு இது நேர்கின்றது. பெரிய தலையும் வேறு அறுவை வழிகளும் இவ்விடரைக் குறைத்துள்ளன. எனினும் நாற்காலியில் வாழும் மக்களை மனத்திற்கொண்டு எழுதப்பட்ட அறிவுரைத் தாளை மொழிபெயர்த்துக் கொடுத்து, மணலில் வாழ்பவனை அனுப்பிவிடுவது போதிய வைத்தியம் ஆகாது.

ஏனைய இடர்களுட் குருதிக்கட்டி, நரம்புக்காயம், கால்நீள வேறுபாடு ஆகியன அருகியே வருவன. கிருமித்தொற்று அருகியே வரினும் கொடியது. அது சத்திரசிகிச்சையின்போது மட்டுமன்றி, ஆண்டுகள் கழித்தும் குருதி வழியே வந்து உலோகத்திற் குடியேறும். பாரிலும் முருகைக்கல்லிலும் காலைக் கிழித்துக்கொள்ளும் கடற்றொழிலாளிக்கு இது பெயரளவான எச்சரிக்கை அன்று. தொற்றிய மூட்டைக் கழற்றி, மாதக்கணக்கில் மருந்தேற்றி, மீண்டும் பொருத்த நேரிடும். பொலித்தீன் துகள் என்பை அரித்து மூட்டைத் தளர்த்தும் நோய், 1990களின் இறுதியில் உறுதிமிக்க புதிய பொலித்தீன் வந்தபின் குறைந்தது. உலோகத்தோடு உலோகம் உராயும் மூட்டு இளைஞருக்கு ஏற்றதெனப் புகழப்பட்டு, 2010இல் அவற்றுட் பெயர்பெற்ற ஒருவகை உலகெங்கும் மீளப்பெறப்பட்டது. தெப்லோன் கற்பித்த பாடத்தை ஐம்பதாண்டின் பின் மறந்தனர் போலும்.

பெறுபேறு மொத்தத்தில் நன்றே. வலி நீக்கத்தில் இதற்கிணையான சத்திரசிகிச்சைகள் மிகச் சில. 2019இல் வெளியான பேராய்வு ஒன்று, பொருத்திய மூட்டுகளுள் நூற்றுக்கு ஐம்பத்தெட்டு இருபத்தைந்து ஆண்டு நிலைத்ததென மதிப்பிட்டது. எழுபது வயதுக்கு மேற்பட்டவருக்கு இது வாழ்நாட் காப்பு. வயது குறையக் கணக்கு மாறுகின்றது. 2017இல் வந்த பிரித்தானிய ஆய்வின்படி, எழுபதைக் கடந்தபின் மூட்டு மாற்றியவருள் மீண்டும் அறுக்கவேண்டி நேர்வது நூற்றுக்கு ஐவருக்கே. ஐம்பதுகளின் தொடக்கத்தில் மாற்றிய ஆண்களிலோ முப்பத்தைவருக்கு. முப்பத்தைந்து வயதுச் சுழியோடி அக்கணக்கினும் கீழேயுள்ளவன், வள்ளம் தள்ளுபவன். இரண்டாம் முறை அறுக்கும்போது என்பு குறைந்திருக்கும்; தொற்றும் கழல்வும் கூடும்; பயன் முதன்முறையை ஒவ்வாது. ஆகவே பீங்கான் மூட்டு, சீமெந்தின்றிப் பொருத்துதல் முதலியவற்றை வைத்தியர் அத்தகையோருக்குத் தெரிகின்றனர். கூடுமானவரை காலத்தைத் தள்ளிப்போடவும் முயல்கின்றனர். தள்ளிப்போடும் ஒவ்வோராண்டும் வலியோடு கழியும் ஆண்டு; உழைப்பில்லாத ஆண்டு.

மூட்டு மாற்றப்பட்டவன் கேட்கும் முதற்கேள்வி பெரும்பாலும் ஒன்றே: மீண்டும் கடலில் இறங்கலாமா? உலோகமும் பீங்கானும் அமுக்கத்தால் ஊறுபடா. அவற்றில் நைதரசன் தங்குவதுமில்லை. தடை அந்த மூட்டிலன்று. இந்நோய் ஒரு பக்கத்தோடு நிற்பது அரிது. மற்றைய இடுப்பையும் இரு தோள்களையும் படமெடுத்து நோக்கினால், வலியின்றி இறந்துகிடக்கும் என்பு அங்கும் தென்படுதல் வழக்கம். ஆகவே சிலிண்டரை விட்டுவிடுமாறே வைத்தியர் கூறுவர். கரைவலையிலும் களங்கண்டியிலும் அவனுக்கு இடமுண்டா என்பதை வைத்தியர் சொல்ல முடியாது.